ஆண்டெனாவை ‘அலைவாங்கி’ என்பது சரியா?

அமெச்சூர் வானொலி பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் போன வாரம் இப்படி ஒரு வரி: "அலைவாங்கி வழியாக அலைகள் அனுப்பப்படுகின்றன." வாங்கி எப்படி அனுப்பும்? எழுதியவருக்கு அது உறுத்தவே இல்லை. இந்தச் சொல்லை எத்தனையோ இடங்களில் பார்த்துச் சலித்துவிட்டேன்.

ஆண்டெனா இலத்தீன் சொல். பாய்மரத்தில் பாயைக் கட்டும் நீண்ட குறுக்குக் கட்டைக்குப் பெயர். 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலை இலத்தீனில் பெயர்த்த தியோடர் காசா, பூச்சிகளின் கொம்புக்கு இதை வைத்தார். இத்தாலியத்தில் கம்பம் என்றும் பொருள் உண்டு. மார்க்கோனியின் கம்பத்தோடு அது வானொலிக்கு வந்தது என்பார்கள்.

சரி, அலைவாங்கிக்கு வருவோம். ஒலிவாங்கியைப் பார்த்து வார்த்த சொல்லாக இருக்க வேண்டும். ஒலிவாங்கி நல்ல சொல். மைக் ஒலியை வாங்குகிறது, அவ்வளவுதான். மொட்டை மாடியில் டிவிக்காக நிற்கும் ஆண்டெனாவும் வாங்க மட்டுமே செய்யும். ஹாம் ஆட்களின், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின், கதை வேறு; அதே ஆண்டெனாவில் அனுப்பவும் செய்வோம். 7.1 மெகாஹெர்ட்சுக்கு ஓர் இருமுனைக் கம்பி (நடுவில் பிரிந்து இரு பக்கமும் நீளும் டைபோல் ஆண்டெனா) செய்கிறோம் என்று வையுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்; 7.1-ஆல் வகுத்தால் சுமார் 20 மீட்டர். வீட்டு வயரிங் கம்பியில் பக்கத்துக்கு 10 மீட்டர், நறுக்கித் திருத்தக் கொஞ்சம் கூடுதல். நடுவில் ஒரு பிவிசி துண்டு, அங்கிருந்து கோ-ஆக்சியல் கேபிள், இரண்டு முனையிலும் நைலான் கயிறு. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிளைமேல் எறிந்து நடுப்பகுதியை மேலே இழுத்தால் கூரை மாதிரி இருபுறமும் சரிந்து நிற்கும். அப்புறம், அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துப் பார்த்து முனைகளை நறுக்குவோம். அந்த நறுக்கல் முழுக்க அனுப்புவதற்காகத்தான். கேட்க மட்டும் என்றால் நீளம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அனுப்பும்போது அளவு தப்பினால் சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரையே கெடுக்கலாம். இத்தனை பாடுபட்டுச் செய்த பொருளுக்கு ‘வாங்கி’ என்று பெயர் வைத்தால் பாதி வேலை காணாமல் போகிறது.

‘அலைக்கம்பம்’ என்பவர்களும் உண்டு. மூலச்சொல்லே கம்பம்தானே என்பார்கள். மார்க்கோனியின் கம்பமும் கம்பியைத் தூக்கிப் பிடித்ததே தவிர, அலையை அனுப்பியது கம்பிதான். நமக்கோ கம்பமே கிடையாது, வேப்பமரம் போதும்.

நான் ‘அலைக்கம்பி’ என்றுதான் எழுதுவேன். ரேடியோக் காலத்துப் பெரியவர்கள் ‘ஏரியல் கம்பி’ என்றார்கள். அந்தக் கம்பி இன்னும் பேச்சில் இருக்கிறது. டிஷ்ஷுக்கு இது பொருந்தாது. பொதுப்பெயராக ஆண்டெனா என்றே எழுதுங்கள், தப்பான தமிழுக்கு அது மேல்.

அதே மொழிபெயர்ப்பில், டிரான்ஸ்மிட்டரை ஆண்டெனாவோடு இணைக்கும் ஃபீட் லைனுக்கு ‘ஊட்டுக்கோடு’ என்று இருந்தது. லைன் என்றதும் கோடு! சுருட்டிப் பைக்குள் போட்டு எடுத்துப் போகிற கேபிள் அது. ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் வடம் என்று எழுதியிருப்பார்.