துவர்ப்பைப் பிரித்தெடுக்கும் வேலை

ஆப்பிளை வெட்டி வைத்துவிட்டு ஒரு போன் பேசிவிட்டு வந்தால், வெட்டிய பக்கம் பழுப்பேறிக் கிடக்கும். இரும்புச் சத்து அதிகம், அதனால் துருப்பிடிக்கிறது என்று சின்ன வயதில் கேட்டு நானும் நம்பியிருக்கிறேன். உண்மையில் அங்கே நடப்பதற்கு இரும்பு காரணமில்லை. ஆப்பிள் செல்லுக்குள் ஃபீனால் சேர்மங்கள் நுண்குமிழி என்ற பையில் அடைபட்டிருக்கின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறு அறையில், கணிகங்களில் இருக்கிறது. அந்த நொதியின் நடுவில் உட்கார்ந்திருப்பதுகூட செம்புதான். கத்தி பட்டதும் தடுப்புகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் வந்து சேர்கிறது. ஃபீனால்கள் குயினோன்களாக மாறி, அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பு நிறமியாகிவிடுகின்றன.

செடிகளிலிருந்து ஆன்டி ஆக்ஸிடன்ட், அதாவது மற்றவற்றை ஆக்ஸிஜனேற்றத்திலிருந்து காக்கும் பொருள், எடுக்க நினைப்பவருக்கு முதல் தலைவலி இதுதான். ஆக்ஸிஜனேற்றத்துக்குச் சட்டென்று தன்னைக் கொடுத்துவிடும் குணத்துக்காகத்தான் ஃபீனாலைத் தேடுகிறோம். அதே குணத்தால் அது நம் கைக்கு வருவதற்குள் தீர்ந்துபோகிறது.

ஃபீனால் என்பது ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம், அதில் ஒட்டிய ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்ஸிஜன், ஒரு ஹைட்ரஜன்). இந்த அச்சை வைத்துக்கொண்டு செடிகள் ஆயிரக்கணக்கான சேர்மங்களைக் கட்டியிருக்கின்றன. வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பைத் தரும் டானின்கள், கருந்திராட்சைத் தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்கள், தேயிலையின் கேட்டச்சின்கள் எல்லாம் இந்தக் குடும்பம். ஃப்ரீ ராடிக்கல் என்பது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு. அது பக்கத்தில் இருப்பதிடம் பறிக்கும், பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். நடுவில் ஃபீனால் வந்து தன் ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த பிறகு அதுவும் ஒரு ராடிக்கல்தான். ஆனால் அந்த ஒற்றை எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவிக்கொள்வதால் பெரிய வம்புக்குப் போவதில்லை. சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது.

சரி, எப்படி எடுப்பது? முதலில் நொதியை முடக்க வேண்டும். இலையை ஆவியில் கொஞ்ச நேரம் காட்டுவார்கள், இல்லையென்றால் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே வெற்றிடத்தில் உலர்த்துவார்கள். உறையவைத்ததை அப்படியே இளகவிட்டால் கதை கெட்டது. பனிப் படிகங்கள் செல்லைக் கிழித்து வைத்திருக்கும், நொதியோ நல்ல தெம்போடு இருக்கும். உலர்ந்ததைப் பொடியாக்கினால் கரைப்பான் உள்ளே போக வழி கிடைக்கும். மாவாக அரைத்துவிட்டால் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் கரைப்பான். சுத்த எத்தனால்தான் நன்றாக இழுக்கும் என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் தண்ணீர் கலந்த எத்தனால், 50 முதல் 80 சதவீதம் வரை, அதைவிட அதிகம் எடுத்துத் தரும். தண்ணீர் செல்சுவரை ஊறவைத்து உப்பவைக்கிறது. எத்தனால் சுவரிலும் புரதத்திலும் ஒட்டியிருக்கும் ஃபீனாலைப் பெயர்த்துக் கரைக்கிறது. சுத்த எத்தனாலில் பொடி சுருங்கியே கிடக்கும். வெறும் தண்ணீரிலோ சர்க்கரை, புரதம், பசை என வேண்டாததெல்லாம் கூடவே வரும். சூட்டைப் பெரும்பாலும் 40 முதல் 60 டிகிரிக்குள் வைப்பார்கள். சூடு ஏறினால் வேகமாகக் கரையும், மேலும் ஏறினால் மென்மையான சேர்மங்கள் சிதையும். அவசரமென்றால் மீயொலி. நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் திரவத்தில் மிகச் சிறிய குமிழ்கள் தோன்றி வெடிக்கும்போது செல்சுவர் பொத்தலாகிறது, மணிக்கணக்கில் ஆகும் வேலை நிமிடங்களில் முடிகிறது.

தவிடு போன்றவற்றில் இவ்வளவும் செய்தும் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். அங்கே ஃபெருலிக் அமிலம் செல்சுவரோடு எஸ்டர் பிணைப்பில் கட்டுண்டிருக்கிறது. எத்தனால் அதை அசைக்காது, அமிலத்துக்கு நேர்மாறான காரக் கரைசலை ஊற்றித்தான் வெட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு அளந்தால் தானியங்களில் ஃபீனால் குறைவு என்ற தவறான முடிவுக்கு வருவோம்.

அளப்பதற்கு அதிகம் பயன்படுவது 1927-ல் ஃபோலினும் சியோகால்டியுவும் உருவாக்கிய வினைபொருள். மஞ்சளாக இருக்கும் அது ஃபீனாலிடமிருந்து எலக்ட்ரான் பெற்றால் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஃபீனால் என்று கணக்கு. ஆனால் வைட்டமின் சி இருந்தாலும் நீலமாகும், ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. எனக்குப் பிடித்தது டிபிபிஹெச் சோதனை. டிபிபிஹெச் என்பது சட்டென்று அழியாமல் நிலைத்திருக்கும் ஒரு ஃப்ரீ ராடிக்கல். அதன் அடர் ஊதாக் கரைசலில் சாற்றைச் சில சொட்டு விட்டு இருட்டில் வைத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். ராடிக்கல் அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சோதனைக் குழாயில் வெளுத்ததால் உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. பாலிஃபீனால்களில் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது, அதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் ஆற்றலைப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012-ல் அந்தப் பட்டியலையே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. செறிவூட்டிய மாத்திரைகளில் ஆபத்தும் உண்டு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ பச்சைத் தேயிலைக் கேட்டச்சினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது.

இந்தச் சாறுகள் சந்தேகமில்லாமல் வேலை செய்யும் இடம் எண்ணெய். ரோஸ்மேரி இலையின் கார்னோசிக் அமிலம் எண்ணெயில் கரையும் ஃபீனால். ஐரோப்பாவில் இ392 என்ற எண்ணோடு அந்தச் சாறு உணவுகளில் சேர்க்கப்படுகிறது. சேர்த்த எண்ணெயைச் சூட்டில், காற்றில் வைத்து அது எவ்வளவு ஆக்ஸிஜனேறியிருக்கிறது என்று அளந்தால் வரைபடக் கோடு வெகுநேரம் தரையோடு தரையாகப் போகும். ஃபீனால் ஒவ்வொரு மூலக்கூறாகச் செலவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. கடைசி மிச்சமும் தீர்ந்ததும் கோடு செங்குத்தாக ஏறும், எண்ணெயில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும்.