முதல் இரண்டு வாரம் மோடத்தை அணைக்காதீர்கள்

புது பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்துவிட்டு வந்தால் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ போன் வரும். "நீங்க இருந்தப்போ வேகம் 14 எம்பிபிஎஸ் காட்டுச்சு. இப்போ 11தான் வருது. என்ன செஞ்சு வச்சீங்க?" கேட்பவர்மேல் தப்பில்லை. முதல் நாள் நாங்கள் காட்டிய எண் எப்படி வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. லைன் வேலை செய்பவன் என்ற முறையில் அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குள் வரை ஃபைபர் வந்திருந்தால், வேகம் நிலைக்க ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கும் வேலை உங்களுக்கு இல்லை. ஒளியின் அளவு சரியாக இருந்தால் லைனின் வேகம் முதல் நிமிடத்திலேயே முழுதாகக் கிடைக்க வேண்டும். "பத்து நாள் பொறுங்க, செட் ஆயிடும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஃபைபர் எங்காவது இறுக மடிந்திருக்கும், கனெக்டரில் தூசி இருக்கும், அல்லது லேன் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்து வேகம் 100 எம்பிபிஎஸ்-இல் முட்டி நிற்கும். அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பேசுவது டெலிபோன் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் பற்றி. மோடத்தை ஆன் செய்ததும் பச்சை விளக்கு சிறிது நேரம் கண்சிமிட்டுகிறதல்லவா? அப்போது அது மறுமுனையில் உள்ள கருவியோடு சேர்ந்து கம்பியை அளந்து பார்க்கிறது. டிஎஸ்எல்லில் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ லைனில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை 512 சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரைச்சல் குறைந்த பாதையில் ஒரு தடவைக்கு 15 பிட் வரை ஏற்றும், இரைச்சல் மிகுந்த பாதையைக் காலியாகவே விட்டுவிடும். எல்லாவற்றையும் கூட்டி வருவதுதான் சிங்க் ஸ்பீட். தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்கு வழியில் கொஞ்சம் போய்விடுவதால் ஸ்பீட் டெஸ்டில் அதைவிடக் குறைவாகத்தான் காட்டும். சிங்க் 14 என்றால் டெஸ்டில் 12-ஐ ஒட்டி வருவது இயல்பு.

இதில் முக்கியமான விஷயம், மோடம் அளந்தது அந்த நேரத்து இரைச்சலை மட்டுமே. இணைப்பு கொடுக்க நாங்கள் வருவது பெரும்பாலும் பகலில். நடுத்தர அலை வானொலி ஒலிபரப்பாகும் அலைவரிசை இந்த 2.2 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. பகலில் தொலைதூர நிலையங்களின் அலைகளை மேல்வளிமண்டலத்தின் ஓர் அடுக்கு விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மங்கிவிடுகிறது, எங்கோ இருக்கும் நிலையங்களெல்லாம் உங்கள் கம்பியிலும் வந்து இறங்குகின்றன. மதியம் அளந்து எடுத்த வேகத்தை ராத்திரி அந்தக் கம்பியால் தாங்க முடியாமல் போகலாம். கம்பி அப்படியே இருக்க, இணைப்பு மட்டும் அறுந்து, குறைந்த வேகத்தில் மறுபடி சேரும். நான் காட்டிய 14 பொய்யில்லை. ஆனால் அது மதியத்து 14.

இப்படி அறுந்து அறுந்து சேராமல் இருக்கத்தான் மார்ஜின் என்ற கையிருப்பு, அதாவது இரைச்சல் கூடினாலும் தாங்குவதற்காக ஒதுக்கி வைக்கும் இடைவெளி. வழக்கமாக 6 டெசிபல். பல நிறுவனங்கள் முதல் ஒன்றிரண்டு வாரம் உங்கள் லைனைத் தானாகக் கண்காணிக்கும் மென்பொருளை வைத்திருக்கின்றன. எத்தனை தடவை அறுந்தது, எத்தனை பிழை வந்தது என்று எண்ணிப் பார்த்து, லைன் தள்ளாடினால் அது மார்ஜினைக் கூட்டும். 3 டெசிபல் கூட்டினால் ஒவ்வொரு பாதையிலும் ஏறத்தாழ ஒரு பிட் போகும். பாதை ஒவ்வொன்றிலும் விநாடிக்குச் சுமார் 4000 தடவை தரவு ஏறுவதால், 400 பாதைகள் ஓடும் லைனில் அது 1.6 எம்பிபிஎஸ் இழப்பு.

இந்தக் கண்காணிப்பு நாட்களில்தான் பலர், வேகம் குறைகிறதே என்று மோடத்தை ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். மென்பொருளுக்கு அது தள்ளாடும் லைனாகவே தெரியலாம். அணைத்தே ஆகவேண்டும் என்றால் பவர் சுவிட்சை அணையுங்கள், டெலிபோன் வயரைப் பிடுங்காதீர்கள். மின்சாரம் போகும் அந்த நொடியில் "எனக்குக் கரண்ட் போகிறது" என்று மறுமுனைக்கு ஒரு கடைசித் தகவல் அனுப்ப பல மோடம்களுக்குத் தெரியும். வயரைப் பிடுங்கினால் அதற்கு வழியே இல்லை, லைன் கோளாறு என்றே பதிவாகும்.

ஒரு வீட்டில் நடந்தது. முதல் நாள் 14. பன்னிரண்டாம் நாள் 9. மோடத்தின் விவரப் பக்கத்தைத் திறந்தால் மார்ஜின் 15 டெசிபலில் நிற்கிறது. பதிவேட்டைப் பார்த்தேன், தினமும் மாலை ஆறரை மணி சுமாருக்கு லைன் அறுந்திருந்தது.

"ஐயா, ஆறரைக்கு வீட்ல என்ன போடுவீங்க?"

"ஒண்ணும் இல்லியே தம்பி. லைட்டு போடுவோம், அவ்வளவுதான்."

பையிலிருந்த பழைய பேட்டரி ரேடியோவை எடுத்து, நடுத்தர அலையில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். எங்கும் வெறும் உஸ்ஸென்ற சத்தம். மீன் தொட்டி பக்கம் போய், அதன் விளக்கைப் போடச் சொன்னதும் ரேடியோ கொர்ரென்று அலறியது. விளக்கின் அடாப்டர்தான். டெலிபோன் வயர் அதை உரசிக்கொண்டு பின்னால் போயிருந்தது. அந்த வயரை அப்படி இழுத்தது நானே. முதல் நாள் பகலில் விளக்கு எரியவில்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் வயர் இழுக்கும் முன்பே சுற்றியுள்ள எல்லா அடாப்டரையும் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

அடாப்டரை மாற்றி, வயரை வேறு சுவர் வழியாகக் கொண்டுபோனேன். அன்றே வேகம் ஏறிவிடவில்லை. ஏறாது என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருந்தேன், கூட்டிய மார்ஜினை மென்பொருள் படிப்படியாகத்தான் இறக்கும். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு சிங்க் ஸ்பீடையும் மார்ஜினையும் மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், மோடத்தைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டு வரிசையாக வாசித்தார்: 9, 9, 9, 10.5, 10.5, 12. கடைசி நான்கு நாளாக 13. மார்ஜின் 6.

"அந்த 14 வருமா தம்பி?"

"ராத்திரி வராதுங்க ஐயா. இந்தக் கம்பிக்கு 13தான்."