சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட் (தரமேம்பாட்டுப் பயிற்சியின் ஒரு நிலை) படிக்கப் போகிறவர்களுக்கு

மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை. 25 கிலோ பை போடும் மெஷினுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய ஓர் அண்ணன் நிற்பார். பை நிரம்பி இறங்கியதும் தராசில் வைப்பார். 60 கிராம் கூட இருந்தால் செட்டிங்கை 60 கிராம் இறக்குவார். அடுத்த பை 70 கிராம் குறைந்தால் 70 ஏற்றுவார். ஷிப்ட் முழுக்க இதே வேலைதான். இத்தனை கவனமாக ஒருத்தர் நின்றும் எடை தாறுமாறாக இருக்கிறதே என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அண்ணே, ஒரு ஷிப்டுக்கு செட்டிங்கில் கை வைக்காதீங்க. எடையை மட்டும் எழுதுங்க" என்றேன்.

"சும்மா நின்னா மொதலாளி என்ன நெனைப்பாரு சார்?"

முதலாளியிடம் நானே பேசினேன். நூறு பை எடையை அண்ணனே எழுதினார். சாயங்காலம் கிராஃப் தாளில் புள்ளி வைத்து, முந்தின நாள் தாளோடு சேர்த்து விரித்தோம். முந்தின நாள் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. கை வைக்காத நாளின் புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டியே நின்றன. அண்ணன் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த மெஷினுக்கும் இயல்பான ஒரு ஆட்டம் உண்டு. அரிசி விழும் வேகம், கதவு மூடும் நொடி என்று சின்னச் சின்னக் காரணங்கள் சேர்ந்து வருவது அது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாம் எதிர்ப்பக்கம் திருப்பினால் நம் திருப்பலும் அதோடு சேர்ந்துகொள்ளும். கணக்கில் சொன்னால் மாறுபாடு, அதாவது சிதறலின் வர்க்கம், இரண்டு மடங்காகும். அதனால் எடையின் சிதறல் சுமார் 1.4 மடங்காகும். அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் இதைப் புனலும் கோலிக்குண்டும் வைத்து வகுப்பில் செய்து காட்டுவார். அப்படியானால் எப்போதுதான் கை வைப்பது? அதைச் சொல்வதற்காகத்தான் 1924-இல் வால்டர் ஷூவார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கண்டுபிடித்தார். சிக்மா என்பது இயல்பான சிதறலின் அளவு. சராசரிக்கு மேலே மூன்று சிக்மா தூரத்தில் ஒரு கோடு, கீழே அதே தூரத்தில் ஒரு கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் ஏதோ நடந்திருக்கிறது, போய்த் தேடு. தாண்டாமல், ஒரே பக்கமாகவும் சாயாமல் இருந்தால் சும்மா விடு.

வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கிறது, "சார், சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட் படிக்கலாமா?" தாராளமாகப் படியுங்கள். நான் மேலே சொன்னதெல்லாம் அங்கே வரும் பாடம்தான். ஆனால் எங்கே படிக்கிறோம் என்று பார்க்கவேண்டும். 1986-இல் மோட்டோரோலா கம்பெனியில் பில் ஸ்மித் என்ற பொறியாளர் தொடங்கிவைத்த முறை இது. தவறு நேரக்கூடிய பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 தவறு என்பது அதன் இலக்கு. இந்த பெல்ட்டுகளை வழங்க உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே அமைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள்.

போன வருடம் தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு, தங்க நிற முத்திரை போட்ட சான்றிதழ். அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். "ப்ராஜெக்டுக்கு டேட்டா எப்படி எடுத்தாய்?" என்றேன். "அவங்களே எக்செல் ஷீட் குடுத்தாங்க சார்" என்றான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது அந்த அம்மாவை நினைத்துத்தான்.

சேர்வதற்கு முன் கேளுங்கள்: ப்ராஜெக்ட் உண்டா? என் வேலையிடத்து அளவுகளை வைத்துச் செய்யலாமா? அதைத் திருத்துவது யார்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகங்கள் நடத்தும் நல்ல திட்டங்களில் அளவீட்டு முறையைச் சோதிப்பது, கட்டுப்பாட்டு வரைபடம், கேட்ட அளவுக்குள் மெஷின் நிற்குமா என்று பார்க்கும் செயல்திறன் கணக்கு, சோதனைகளை வடிவமைப்பது என்று படிப்படியாகப் போய் கடைசியில் ப்ராஜெக்ட் வரும். மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் பெல்ட் பயிற்சி நடத்துகிறது. அதன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் சென்னையிலும் கோவையிலும் உண்டு. அமெரிக்கத் தரச் சங்கத்தின் கிரீன் பெல்ட் தேர்வு எழுத மூன்று வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். கல்லூரி முடித்த கையோடு போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இதில் பலரும் தாவிப்போகும் பாடம், அளவீட்டு முறையைச் சோதிப்பது. நம் ஊருக்கு அதைவிடத் தேவையானது எதுவும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. 16.8-க்கும் 17.4-க்கும் நடுவில் ஒரு விவசாயியின் சம்பா நிற்கிறது. ஒரே பிடி நெல்லை இரண்டு ஈரப்பத மீட்டரில் போட்டு, ஆளை மாற்றிப் போட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். வரும் வித்தியாசம் நெல்லுடையதா, மீட்டருடையதா, ஆளுடையதா என்று பிரிக்கத் தெரியவேண்டும்.

அப்புறம் மாதிரி எடுப்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. ஒரே உலையில் கொதித்த சோறு அது. பனியில் கிடந்த நெல்லில் அடிமூட்டை ஒரு ஈரம், மேல்மூட்டை ஒரு ஈரம். கைக்கு எட்டுகிற மூட்டையில் மட்டும் குத்தூசி போட்டால் அந்தக் குவியலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நீங்கள் ஆலையிலோ பேக்கிங் கடையிலோ வேலை பார்ப்பவர் என்றால், சேரும் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மெஷின், ஒரு அளவு, தேதி, நேரம், யார் எடுத்தது. செட்டிங்கைத் தொட்டால் அதையும் எழுதுங்கள். தை அறுவடை நெல் வரத்து இருக்கும்போதே இருபது நாள் எழுதினாலும் போதும். முதல் வகுப்புக்கு அந்த நோட்டோடு போங்கள், வாத்தியாரிடம் அதை வைத்தே கேள்வி கேளுங்கள். மன்னார்குடி அண்ணன் இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.