ராத்திரி கரைக்குப் பிள்ளைகளை அழைப்பது யார்?

"ஒன்பது மணிக்கு மேல பயலுக வெளிய சுத்தக் கூடாதுன்னு ஒரு ஆர்டர் வாங்கிக் குடுங்க வக்கீலம்மா." ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம் போனாலும் வாலிநோக்கம் பக்கம் போனாலும் ஊர்க் கூட்டங்களில் இந்தக் கோரிக்கை வந்துவிடுகிறது. கேட்பவர்களின் பயம் நியாயமானது. கஞ்சா, ராத்திரி பைக் ஓட்டம், கடல் தாண்டி இலங்கைக்குக் கடத்தும் மூட்டைகளைச் சுமக்கப் பையன்களைப் பிடிப்பது எல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. இருந்தாலும், குழந்தைகள் தொடர்பான வழக்குகளை நடத்துகிறவள் என்ற முறையில் அந்த ஆர்டரை நான் கேட்டு வாங்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் இரவில் வெளியே நிற்பதையே குற்றமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. கூட்டம் கூடுவதற்கும் நடமாட்டத்துக்கும் தடை போடும் 144 போடலாமே என்பார்கள். தலைவர்களின் நினைவு நாட்களையொட்டி செப்டம்பரிலும் அக்டோபரிலும் அதைப் பார்த்துப் பழகிய மாவட்டம் நம்முடையது. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவு. அவசர நிலைமைக்கானது, மாவட்ட நிர்வாகம் போடும் உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. பிள்ளை வளர்க்க அது உதவாது.

வெளிநாட்டில் இருக்கிறதே என்று கேட்கும் தம்பிகளும் உண்டு. இருக்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் 1995இல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது: 17 வயது நிரம்பாதவர்கள் வார நாட்களில் இரவு 11 முதல் காலை 6 வரை வெளியே திரியக் கூடாது. இதுபோன்ற சட்டங்களைப் பற்றிய 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்த, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காம்ப்பெல் அமைப்பின் 2016ஆம் ஆண்டு அறிக்கை, இவற்றால் குற்றம் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வாஷிங்டன் சட்டத்தில், வேலைக்குப் போய் வருகிற பிள்ளைக்கு விலக்கு உண்டு. நம் கரையில் ராத்திரி நடமாடும் பிள்ளைகளில் நான் சந்திப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

பாக் நீரிணைக் கரையில் ஒரு ஊர். பையனுக்குப் பதின்மூன்று வயது. நாட்டுப்படகு கரை சேரும் நேரம் பார்த்து விடியற்காலை மூன்றரை மணிக்கு சைக்கிளில் போவான். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, மணலில் குந்தி உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை இறங்கிவிடும் என்பதால் சின்ன விரல்களுக்குக் கிராக்கி. அந்த விரல்களை நான் பார்த்தேன். நரம்பு வலை அறுத்த கோடுகள், நண்டு கடித்த புண்கள், உப்புத் தண்ணீரில் ஊறி ஆறாமல் வெளுத்துப்போன ஓரங்கள். முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான் என்று டீச்சர் சொன்னார். ஒருநாள் ரோந்துக்கு வந்தவர்கள் வழியில் மறித்து, விடியும் வரை உட்கார வைத்து, அப்பாவை வரவழைத்து எழுதி வாங்கி அனுப்பினார்கள். படகுக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாளே வேறொரு பையன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

இரவுக் கட்டுப்பாடு நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது வேலை வாங்குகிறவருக்கானது. 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பதே குற்றம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். பதினான்கிலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர்களை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் கூடமாட உதவும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதே நேரத்தடை உண்டு. கஞ்சாவோ சாராயமோ கடத்தப் பிள்ளையைப் பயன்படுத்தினால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல்.

சரி, வேலைக்குப் போகாமல் வெளியே நிற்கும் பிள்ளை? ரமலானில் கீழக்கரைத் தெருவில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வருகிற பிள்ளையை யாரும் பிடிக்கச் சொல்ல மாட்டார்கள். ஏர்வாடியில் உடம்பு சரியில்லாத அம்மாவோடு தர்காவிலேயே தங்கியிருக்கும் பிள்ளைக்கு 'வீட்டுக்குப் போ' என்று சொல்ல அங்கே வீடு இல்லை. குடித்துவிட்டு வரும் அப்பா தூங்கும் வரை ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த பெஞ்சுதான் பாதுகாப்பு. அவனைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால், தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் "ஏன்டா இங்க நிக்கிற" என்று அதட்டாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். யார் வரச் சொன்னார்கள், வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா என்று அப்புறம் கேட்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். தப்பே செய்திருந்தாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி குற்றம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் ஓடும், மீன் விலை ஏறும், பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகளை ராத்திரி வேலைக்கு அதிகம் இழுப்பது அந்த மாதங்கள்தான். நம் கடலோர ஊர்களில் ஊர்க் கமிட்டி சொன்னால் படகுக்காரர்கள் கேட்பார்கள். எனவே ஏப்ரலுக்கு முன்பே கூட்டம் போட்டு, பதினெட்டு வயது ஆகாத யாரையும் இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை எந்தப் படகும், ஏலக் கொட்டகையும், ஐஸ் கம்பெனியும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். படகு உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். வாசகம் எழுதித் தர நான் வருகிறேன்.