கமராப் பை: சுமக்க வேண்டியது இடுப்பு

கமராப் பை வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "இதுக்குள்ள எத்தனை லென்ஸ் போகும்?" என்பதுதான். தடுப்புகளை நகர்த்திப் பார்த்து, சிப்பை இரண்டு தரம் இழுத்துவிட்டுக் காசைக் கட்டிவிடுகிறோம். வெறும் பையைத் தோளில் போட்டால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். திருகோணமலைப் பக்கம் நிலாவெளி மணலில் அரை மணித்தியாலம் நடந்த பிறகோ, திரியாய்க் குன்றின் படிகளில் ஏறும்போதோதான் அதன் குணம் தெரியும்.

முதலில் எடைக் கணக்கு. கமராவும் 24-70 மி.மீ. லென்ஸும் ஏறத்தாழ 1.5 கிலோ. பறவைகளைப் படம்பிடிக்கும் 150-600 மி.மீ. லென்ஸ் 2 கிலோ. முக்காலி 1.5, தண்ணீர் 3 லீற்றர் என்றால் 3 கிலோ, பையே 2 கிலோ. சாப்பாடு சேராமலே 10 கிலோ ஆகிவிட்டது. பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு உடல் எடையில் ஐந்தில் ஒன்று. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் 9 கிலோவுக்குள் நிற்பது புத்தி. குறைப்பதென்றால் லென்ஸைக் குறையுங்கள், தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

இந்தச் சுமையின் பெரும்பங்கை இடுப்பெலும்பு தாங்க வேண்டும். பல கமராப் பைகளில் இருக்கும் இடுப்புப் பட்டி வெறும் நாடா. பை ஆடாமல் பிடிக்கும், எடையைத் தாங்காது. பஞ்சு வைத்த, விறைப்பான, இடுப்பைச் சுற்றி வரும் பட்டி வேண்டும்.

அடுத்தது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு ஒரு முனை. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் ஊன்றினால் பெருவிரல்கள் பின்னால் காட்டும் கோடு மறு முனை. தையல் நாடாவை முள்ளந்தண்டோடு படியவிட்டு இந்த இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பை நீளம் குறைந்தால் பட்டி வயிற்றில் ஏறும், கூடினால் பிட்டத்துக்கு இறங்கும். இரண்டிலும் சுமை தோளுக்கே திரும்பிவிடும். கமராப் பைகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகின்றன. உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இது பெரிய தொல்லை. அவர்கள் முதுகளவு மாற்றக்கூடிய சாதாரண மலையேற்றப் பையை வாங்கி, உள்ளே பஞ்சு வைத்த கமராப் பெட்டியைச் செருகுவது நல்லது. விலையுயர்ந்த கமராப் பை பலவற்றைவிட இந்த ஏற்பாடு சுகம்.

கடைக்குப் போகும்போது 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஐந்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோங்கள், 7.5 கிலோ. பைக்குள் வைத்து, எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். இடுப்புப் பட்டியின் நடு, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமரும்படி முதலில் இறுக்குங்கள். பிறகு தோள்வார், அது தோளைத் தழுவினால் போதும், அழுத்தக் கூடாது. தோளுக்கு மேலிருந்து பைக்குப் போகும் சிறு வார் ஏறக்குறைய 45 பாகை சரிவில் நிற்க வேண்டும். நெஞ்சு வார் கடைசி. இருபது நிமிடம் நடந்து, படி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விரல்கள் விறுவிறுத்தால் தோள்வார் காறையெலும்பை ஒட்டிய நரம்புகளை அழுத்துகிறது. தொடையின் வெளிப்புறம் மரத்துப்போனால் இடுப்புப் பட்டி தாழ்ந்தோ மிக இறுகியோ இருக்கிறது. பையைக் கழற்றிய பிறகும் மரப்பு போகாவிட்டாலோ, கையைத் தூக்கப் பலமில்லை என்றாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். தைலம் பூசிக் காத்திருக்க வேண்டாம்.

பெரிய லென்ஸ் முதுகை ஒட்டி இருக்கட்டும். வெளிப்பையில் வைத்தால் அதே 2 கிலோ பின்னுக்கு இழுக்கும், நடப்பவர் முன்னுக்குக் குனிவார், கழுத்து நோகும். முதுகுக்கும் பைக்கும் இடையே வலை வைத்துக் காற்று விடும் பைகள் நம் வெயிலுக்கு ஆசை காட்டும். இடைவெளி அதிகமானால் அவையும் இதே வேலையைத்தான் செய்யும்.

கடற்கரையில் முதுகுப் பக்கமாகத் திறக்கும் பை வசதி. பையின் முன்பக்கத்தை மணலில் கிடத்தித் திறக்கலாம், முதுகில் மணல் ஒட்டாது. நிலாவெளிக் கடலில் இருக்கும் புறா மலைத் தீவுக்குப் படகில் போனால் மழையுறையை நம்பாதீர்கள். அது மேலிருந்து விழும் நீருக்குத்தான். வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் கமராவை வையுங்கள்.

வீடு வந்ததும் சிப்பை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புப் பிடித்த இழுவை விரைவில் இறுகும். காய்ந்தபின் மெழுகுவர்த்தித் துண்டால் சிப்பின் பற்களைத் தேய்த்துவிடலாம். ஐப்பசி முதல் தை வரையான மாரியில் கமராவைப் பைக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். பஞ்சு வியர்வையையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும், லென்ஸில் பூஞ்சணம் படரும்.