எம்.பி. பேசிட்டாரு, பணம் எப்போ வரும்?

பஞ்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினார். "வக்கீல் சார், நம்ம எம்.பி. டெல்லியில கிழிச்சுட்டாரு பாருங்க. 7,500 உறுதிதானே?" பி.எஃப். ஓய்வூதியத்தில் குறைந்தபட்சம் மாதம் 7,500 ரூபாய் கொடுங்கள் என்று எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்ட இரண்டு நிமிட வீடியோ. உண்மையிலேயே நன்றாகத்தான் பேசியிருந்தார், தமிழில், குறிப்பு எதுவும் பார்க்காமல். "ஐயா, இதுக்கு அமைச்சர் என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டேன். அது வீடியோவில் இல்லை என்றார்.

வீடியோவில் மட்டுமில்லை, அவையிலும் பதில் இல்லை. எம்.பி. பேசியது நேரமில்லா நேரத்தில், அதாவது ஜீரோ ஹவரில். அந்த நேரத்தில் உறுப்பினர் அவசரமான பொது விஷயங்களை எழுப்பலாம், அமைச்சர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஓய்வூதியம் என்று தொழிலாளர் வழக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு ஒவ்வொரு கூட்டத்தொடரின் போதும் இப்படி நாலு பேராவது வீடியோவோடு வருவார்கள். வரட்டும், தப்பில்லை. ஆனால் பேச்சு ஒன்று, கேள்வி இன்னொன்று. இந்த வித்தியாசம் தெரியாததால் நம்ம ஆட்கள் கைக்கு எட்டுகிற ஒரு தாளைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி என்பது எழுத்தில் போவது. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மக்களவையில் 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியில்லாதவை 230. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், மேற்கொண்டு துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நாலைந்து கேள்விக்குத்தான் முறை வரும். மீதி எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வைத்துவிடுவார்கள். டி.வி.யில் வராத அந்த எழுத்துப் பதில்தான் எனக்கு வேண்டியது. அன்றைக்கே நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும், ஆங்கிலத்திலும் இந்தியிலும். அமைச்சகம் வாரியாகவும் உறுப்பினர் பெயரை வைத்தும் தேடலாம், பத்து நிமிட வேலை.

அந்தப் பதிலை எப்படிப் படிப்பது என்பது ஒரு தனி வித்தை. உறுப்பினர் ஐந்து உட்பிரிவாகக் கேட்டிருப்பார். குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்தும் திட்டம் உண்டா, எவ்வளவு, எப்போது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று தனித்தனியாகப் பிரித்து. பதிலில் 'ஏ முதல் இ வரை' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, திட்டத்தின் வரலாற்றை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். 1995-ன் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி பங்கு சம்பளத்தில் 8.33 சதவீதம், மத்திய அரசின் பங்கு 1.16 சதவீதம், அதுவும் 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்குத்தான், 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் பட்ஜெட் உதவியோடு தரப்படுகிறது... இதெல்லாம் நமக்கே தெரியும். படிக்கும்போது எந்த உட்பிரிவுக்குப் பதிலே இல்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் 'எப்போது' என்பதுதான் காணாமல் போயிருக்கும்.

ஆனால் அந்த மூட்டைக்குள் ஒரு வரி கிடக்கும். 2019 மார்ச் 31 நிலவரப்படி ஓய்வூதிய நிதியை மதிப்பிட்டதில் பற்றாக்குறை இருக்கிறது என்ற வரி. இந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அரசு தரமாட்டேன் என்று நேரடியாகச் சொல்லாமல் சொல்வது இந்த வரியில்தான். அடுத்த முறை கேட்க வேண்டிய கேள்வியும் இதற்குள்ளேயே இருக்கிறது. பற்றாக்குறை எவ்வளவு, அதற்குப் பிறகு செய்த மதிப்பீட்டில் என்ன வந்தது, 1.16 சதவீதப் பங்கை உயர்த்தினால் அது எவ்வளவு குறையும்? '7,500 கொடுங்கள்' என்று நூறு தடவை முழங்குவதை விட இப்படி ஒரு கேள்வி அமைச்சகத்துக்கு அதிகத் தலைவலி என்பது என் எண்ணம். முழங்குவதும் வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் சொற்கள். 'அத்தகைய திட்டம் ஏதும் இல்லை' என்று வந்தால் கோபப்படாதீர்கள், அது ஒரு தெளிவான பதில். 'விஷயம் பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்று வந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். நான் அப்படிப்பட்ட தாளை எடுத்து வைத்துக்கொள்வேன். அவையில் இப்படிச் சொன்னால் அது அரசின் உறுதிமொழிக் கணக்கில் வரும். அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று மக்களவையில் 1953-லிருந்து இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் அந்தக் குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும், குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கலாம். வருடக்கணக்காக நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளும் உண்டு. இருந்தாலும் சாதாரணப் பேச்சுக்கு இந்த வாலும் கிடையாது. ரிட் மனுவோடு இப்படிப்பட்ட பதில்களை இணைத்திருக்கிறேன். அது சட்டம் ஆகாது, ஆனால் அரசின் நிலைப்பாடு இது இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சட்டென்று சொல்லிவிட முடியாது.

சரி, இன்னொரு குழப்பம், யாரிடம் எதைக் கேட்பது. முதியோர் உதவித்தொகைக்கு எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அது வருவாய்த் துறை, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பார்ப்பது. தொகையை 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ஆக்கியது மாநில அரசு, அதனால் அதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மத்தியத் திட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு அதில் டெல்லியிலிருந்து வருவது 60 முதல் 79 வயது வரை மாதம் 200, 80-க்கு மேல் 500. அந்த 200 பதினைந்து வருடத்துக்கு மேலாக 200-ஆகவே நிற்கிறது, அதைக் கேட்க வேண்டியது எம்.பி.யிடம், போக வேண்டியது ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்கு. பி.எஃப். ஓய்வூதியம் என்றால் தொழிலாளர் அமைச்சகம். அமைச்சகத்தை மாற்றிப் போட்டால் ஒரு கூட்டத்தொடரே வீணாகலாம்.

யாரும் அதிகம் கேட்காத ஒன்றும் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை. பத்தாம் வகுப்புத் தோல்விக்கு மாதம் 200, தேர்ச்சிக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும், மூன்று வருடம்தான் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு நாளைக்கு இருபது ரூபாய். என்னிடம் வழக்குக் கொடுத்த ஒருவரின் மகன் இந்தப் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு, அலுவலகம் போய்வரும் பஸ் செலவைக் கணக்குப் பார்த்து மடித்து வைத்துவிட்டான். இந்தத் தொகையைக் கடைசியாக எப்போது உயர்த்தினீர்கள், போன வருடம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று உங்கள் எம்.எல்.ஏ.வைக் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்களே கேள்விக்குச் சரக்கு கொடுக்கலாம், நிறைய எம்.பி. அலுவலகங்கள் வாங்கிக்கொள்ளவே செய்யும். ஆனால் தனி நபர் விவகாரத்தை அவையில் கேட்க முடியாது. 'எனக்கு நாலு மாதமாக ஓய்வூதியம் வரவில்லை' என்பது பி.எஃப். அலுவலகத்துக்குப் போக வேண்டிய புகார். ஒரு ஓய்வூதியர் சங்கச் செயலாளர் ஆறு பக்க மனுவோடு வந்தார், முதல் இரண்டு பக்கம் வணக்கமும் வாழ்த்தும். மீதியை உட்கார்ந்து மூன்று வரியாக்கினோம்: வாழ்நாள் சான்று (ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு வருடாவருடம் கொடுப்பது) இல்லாததால் கடந்த மூன்று ஆண்டுகளில் நிறுத்தப்பட்ட ஓய்வூதியங்கள் மண்டலவாரியாக எத்தனை, அவற்றில் கைரேகை பதியாததால் நின்றவை எத்தனை, மீண்டும் தொடங்க எத்தனை நாள் ஆகிறது. செயலாளருக்கு மனசே இல்லை, வாழ்த்தையாவது விட்டு வையுங்கள் சார் என்றார்.

அந்தப் பெரியவர் கதைக்கு வருகிறேன். பேசிக்கொண்டே பாஸ்புக்கை வாங்கிப் புரட்டினால், 7,500 இருக்கட்டும், அவருக்கு வந்துகொண்டிருந்த 1,640 ரூபாயே இரண்டு மாதமாக வரவில்லை. மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை, பேங்கில் ஏதோ லேட் என்று நினைத்திருக்கிறார். வாழ்நாள் சான்று போன வருடம் கொடுத்தது, ஒரு வருடம் முடிந்துவிட்டது. பி.எஃப். ஓய்வூதியர்கள் வருடத்தில் எந்த நாளில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். நவம்பர் வரட்டும் என்று இவர் உட்கார்ந்திருந்தார். பஞ்சு நூலிலேயே தேய்ந்த விரல்கள், இயந்திரத்தில் மூன்று தடவை வைத்தும் ரேகை எடுக்கவில்லை. முகத்தை வைத்துப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, என் ஜூனியர் போனிலேயே இரண்டாவது முயற்சியில் முடித்துவிட்டாள். நின்ற மாதங்களுக்கும் சேர்த்து நிலுவை வரும் என்று சொன்னேன்.

எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "அப்போ அந்த 7,500?" கேள்வி போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, பதில் வந்திருந்தால் படித்துச் சொல்கிறேன் ஐயா என்றேன். வீடியோவை எனக்கும் அனுப்பிவிட்டுத்தான் போனார்.