ஏஎஃப்ஆர் மீட்டர் உண்மையில் எதை அளக்கிறது?

டேஷ்போர்டில் பொருத்திய 52 மில்லிமீட்டர் வட்ட ஏஎஃப்ஆர் மீட்டரில், அதாவது காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் மீட்டரில், 13.2 என்று வருகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13.2 பங்கு காற்று எஞ்சினுக்குள் போகிறது என்று அதற்குப் பொருள். ஆனால் அந்த மீட்டரோடு இணைந்த சென்சார் பெட்ரோலைப் பார்த்ததே இல்லை. உள்ளே போகும் காற்றும் அதன் பக்கம் வருவதில்லை. அது உட்கார்ந்திருப்பது சைலன்சர் குழாயில். எல்லாம் எரிந்து முடிந்து வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம், அல்லது எவ்வளவு பற்றாக்குறை என்று மட்டும் அது பார்க்கிறது. 13.2 என்பது அதிலிருந்து கணக்குப் போட்டு எடுத்த எண்.

கடையில் வாங்கி நாமே மாட்டும் ஏஎஃப்ஆர் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் வருபவை. சென்சார் எங்கே இருக்க வேண்டும், ஏன் சாய்வாக இருக்க வேண்டும், எர்த் எங்கே எடுக்க வேண்டும் என்கிற விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சென்சாருக்குள் நடப்பது புரிந்தால் எல்லாம் தானாகவே வந்துவிடும்.

முதலில், ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய எவ்வளவு காற்று வேண்டும் என்பதைச் சொல்லும் 14.7 என்ற எண்ணைப் பார்ப்போம். பெட்ரோலுக்குப் பதிலாகச் சுத்தமான ஐசோ ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் 8 கார்பன், 18 ஹைட்ரஜன். அது மிச்சமில்லாமல் எரிய 12.5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். எடையில் சொன்னால் 114 கிராமுக்கு 400 கிராம், அதாவது ஒரு கிலோவுக்குச் சுமார் மூன்றரைக் கிலோ ஆக்சிஜன். காற்றின் எடையில் ஆக்சிஜன் ஏறக்குறைய 23 சதவீதம்தான் என்பதால் தேவைப்படும் காற்று 15.1 கிலோ. பெட்ரோல் பங்க்கில் போடும் பெட்ரோலில் டொலுவீன், சைலீன் போன்ற ஹைட்ரஜன் குறைந்த பொருட்களும் கலந்திருப்பதால் அந்த எண் 14.7-க்கு இறங்குகிறது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ காற்றே போதும்.

எரிபொருளுக்கு எரிபொருள் எண் மாறுவது தொல்லை. அதனால் பொறியாளர்கள் லாம்டா என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். கிடைத்த காற்றைத் தேவையான காற்றால் வகுத்தால் லாம்டா. எந்த எரிபொருளாக இருந்தாலும் 1 என்றால் கச்சிதம். 1-க்குக் கீழே போனால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். மேலே போனால் லீன், அதாவது காற்று கூடுதல்.

இனி சென்சார். அதன் உயிர் சிர்க்கோனியா என்ற பீங்கான். கொஞ்சம் இட்ரியா சேர்த்துச் சுட்ட இந்தப் பீங்கானை 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதற்குள் ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் சைலன்சர் புகை. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறாக இருந்தால் நடுவில் மின்னழுத்தம் உண்டாகும். எவ்வளவு உண்டாகும் என்பதை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-ல் எழுதிய சமன்பாட்டிலிருந்து கணக்கிடலாம். பின்னாளில் சிர்க்கோனியாவையும் இட்ரியாவையும் கலந்து விளக்குச் செய்தவரும் இவர்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். சென்சார் 700 டிகிரியில் இருக்கிறது, புகையில் 2 சதவீத ஆக்சிஜன் மிச்சம் என்றால் சமன்பாடு தருவது சுமார் 0.05 வோல்ட். பெட்ரோல் கூடுதலாகி ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாமல் போனால் 0.8 வோல்ட்டுக்கு மேல் தாவிவிடும். இரண்டுக்கும் நடுவே சரிவு கிடையாது, செங்குத்தான படிதான். லாம்டா 1-ஐத் தாண்டும் இடத்தில் மட்டும் 0.45 வோல்ட்டைக் கடந்து மறுபக்கம் விழும். ஆகவே இந்தச் சென்சார் ரிச்சா லீனா என்று சொல்லும். எவ்வளவு ரிச் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. இதைத்தான் நேரோபேண்டு என்கிறோம். 1976-ல் போஷ் தயாரித்த இந்தச் சென்சாரோடு வால்வோ 240 கார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு லாம்டா 1-ஐ ஒட்டிய கலவைதான் வேண்டும் என்பதால் அந்த வேலைக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் 12.5-ஆ 11.5-ஆ என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதனால் பயனில்லை.

எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று சொல்வது ஏஎஃப்ஆர் மீட்டரோடு வரும் வைடுபேண்டு சென்சார். அது இந்தப் படியை வளைத்துப் போட்ட விதம் மிக அழகானது. அதற்குள் சிர்க்கோனியாவாலான இரண்டு கலங்கள் இருக்கின்றன. நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன அறை. புகை ஒரு நுண்துளைத் தடுப்பு வழியாக மெதுவாக அந்த அறைக்குள் கசிகிறது. முதல் கலம் நேரோபேண்டு போலவே அறைக்குள் ஆக்சிஜன் இருக்கிறதா என்று உளவு பார்க்கிறது. இரண்டாவது கலம் ஒரு பம்ப். சிர்க்கோனியாவில் ஆக்சிஜன் நகர்ந்தால் மின்சாரம் வருகிறது என்றால், மின்சாரம் கொடுத்தால் ஆக்சிஜன் நகர வேண்டும் அல்லவா? அதேதான். சென்சாரை இயக்கும் மின்னணுச் சுற்றான கண்ட்ரோலர் இந்தப் பம்புக்கு மின்சாரம் கொடுத்து, உளவுக் கலம் எப்போதும் 0.45 வோல்ட் காட்டும்படி அறையைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும்.

புகை லீனாக இருந்தால் அறைக்குள் ஆக்சிஜன் மிகுதி. பம்ப் அதை வெளியே தள்ளும். புகை ரிச்சாக இருந்தால் மின்சாரம் திசை மாறி, ஆக்சிஜன் அறைக்குள் வந்து, அங்கே எரியாமல் கிடக்கும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் எரிக்கும். அறையைச் சமநிலையில் வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது, எந்தத் திசையில் தேவைப்பட்டது என்பதே அளவீடு. சென்சாரை வெறும் காற்றில் பிடித்தால்கூட அந்த மின்சாரம் இரண்டரை மில்லி ஆம்பியர் அளவுதான். அதற்குள்தான் 10 முதல் 20 வரையிலான எல்லா எண்களும் அடங்கியிருக்கின்றன. இவ்வளவு சின்ன அளவை நம்ப வேண்டுமானால் சென்சாரின் சூடு அசையாமல் நிற்க வேண்டும். இன்று பரவலாக விற்கும் போஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரை அதன் ஹீட்டர் 780 டிகிரியில் பிடித்து வைக்கிறது.

இப்போது மாட்டும் வேலைக்கு வருவோம். வழக்கமாக சைலன்சர் குழாயில் ஓட்டை போட்டு எம்18×1.5 மரை கொண்ட நட்டை வெல்டு செய்கிறார்கள். வெல்டிங் சூட்டில் மரை நெளிந்துவிடும். வீணான பழைய சென்சார் ஒன்றை நட்டில் முறுக்கிவிட்டு வெல்டு செய்தால் நெளியாது. புதுச் சென்சாரை மட்டும் அந்த நேரத்தில் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்.

எங்கே வைப்பது? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். கன்வெர்ட்டர் மிச்ச ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, பிறகு விடும் குணமுள்ளது. அதற்குப் பின்னால் இருக்கும் புகை எஞ்சினின் கதையைச் சொல்லாது. டர்போ இருந்தால் டர்போவுக்குப் பிறகு. முன்னால் அழுத்தம் அதிகம், அழுத்தம் கூடினால் அறைக்குள் கசியும் புகையும் கூடும், பம்ப் மின்சாரமும் சேர்ந்து உயரும். பல சிலிண்டர் எஞ்சினில் எல்லாக் குழாய்களும் ஒன்றுசேர்ந்த பிறகு வைத்தால்தான் மொத்தச் சராசரி கிடைக்கும். குழாயின் வாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். ஐடிலில் புகை துடித்துத் துடித்துத்தான் வெளியே வரும், அந்தத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே ஏறும். சைலன்சர் குட்டையாக இருக்கும் பைக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது.

வெளிக்காற்று என்றதும் லீக் பிரச்சினையைச் சொல்லியாக வேண்டும். எஞ்சினோடு சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் இருக்கும் மெனிஃபோல்டு கேஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியே காற்று உள்ளே இழுபடும். சென்சாருக்கு அந்த ஆக்சிஜன் எஞ்சினிலிருந்து வந்ததா, விரிசலிலிருந்து வந்ததா என்று தெரியாது. லீன் என்று காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டினால் பிளக் கறுத்துப்போகும். சென்சார் மாட்டுவதற்கு முன் லீக் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த லீக்கை அடைக்கச் சாதாரண சிலிக்கோன் பேஸ்ட் போட்டால் அதன் ஆவி சென்சாரின் நுண்துளைகளில் மணல்போல் படிந்து அடைத்துவிடும். சென்சாருக்குத் தீங்கில்லாதது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் பேஸ்டை வாங்குங்கள்.

சாய்வு விஷயம் பலர் அலட்சியம் செய்வது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் குழாய்க்குள் நீர் கோக்கும். 780 டிகிரியில் இருக்கும் பீங்கான் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல்தான். குழாயை கடிகார முகமாக வைத்துப் பார்த்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் சென்சார் இருக்க வேண்டும், நுனி கீழே பார்த்தபடி. குழாயின் அடியில் மாட்டினால் தண்ணீர் அதன் மேலேயே தேங்கும். இதே காரணத்துக்காக இக்னிஷனை ஆன் செய்துவிட்டு நெடுநேரம் ஸ்டார்ட் செய்யாமல் விடக்கூடாது. மறுபுறம், வயர் இணைக்காமல் சென்சாரை மட்டும் மாட்டிவிட்டு வண்டியை ஓட்டவும் கூடாது. சூடில்லாத பீங்கானில் கரி படிந்து சென்சார் கெட்டுவிடும்.

வயரிங்கில் இரண்டு இடங்கள்தான் முக்கியம். ஹீட்டர் சூடேறும்போது சில ஆம்பியர் இழுக்கும் என்பதால் 12 வோல்ட்டை இக்னிஷன் ஆனால் மட்டும் வரும் லைனிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். ஸ்டீரியோவுக்குப் போகும் மெல்லிய வயரில் ஒட்டுப்போடாதீர்கள். சின்ன பைக் என்றால் சார்ஜிங் தாங்குமா என்று பார்த்துவிட்டு இறங்கவும். இரண்டாவது, எர்த். கண்ட்ரோலர் தன் அளவீட்டை 0 முதல் 5 வோல்ட் சிக்னலாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு அனுப்புகிறது. பல மீட்டர்களில் அந்த 5 வோல்ட்டுக்குள் 10 ஏஎஃப்ஆர் அகலம் அடங்கியிருக்கிறது. மீட்டரின் எர்த் டேஷ்போர்டு போல்ட்டிலும் ஈசியூவின் எர்த் எஞ்சின் பிளாக்கிலும் இருந்து, நடுவே 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தால், மீட்டர் 12.6 காட்டும்போது ஈசியூ 12.8 என்று படிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் எர்த் செய்தால் இந்தத் தலைவலி இல்லை.

சென்சார் வயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டி ஒட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கனெக்டருக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. ஒவ்வொரு சென்சாரும் பிறக்கும்போதே ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும், அந்த வேறுபாட்டை அளந்து தொழிற்சாலையில் ஈடுகட்டி வைத்த ரெசிஸ்டர் அது. அதை வெட்டி எறிந்தால் சென்சாரின் ஜாதகமே போய்விடும். எக்ஸ்டென்ஷன் வயர் தனியாகக் கிடைக்கிறது.

ஏற்கெனவே சென்சார் இருக்கும் ஈஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் ஈசியூவே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் வண்டியில், பழையதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் புதியதை மாட்டத் தோன்றும். வேண்டாம். ஈசியூ எதிர்பார்ப்பது பழைய சென்சாரின் சிக்னலை. தனி நட்டு வைப்பதே நல்லது.

எல்லாம் முடிந்து வண்டி ஓடுகிறது. மீட்டர் என்ன சொல்கிறது? ஐடிலிலும் நிதான ஓட்டத்திலும் ஈஎஃப்ஐ வண்டி 14.7-ஐச் சுற்றி ஊசலாடும். முழு ஆக்சிலரேட்டரில் டர்போ இல்லாத எஞ்சின் 12.5 முதல் 13 வரை, டர்போ எஞ்சின் 11.5-ஐ ஒட்டி இருப்பது வழக்கம். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் மீட்டர் லீன் எல்லையைத் தாண்டி ஓடிவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிட்டது, வெறும் காற்று வெளியே போகிறது.

மிஸ் ஃபயர்தான் ஆளை ஏமாற்றும். ஒரு சிலிண்டரில் பிளக் தீப்பொறி விடவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் காற்று முழுக்க அப்படியே வெளியே வரும், பெட்ரோலோடு சேர்ந்து. பெட்ரோல் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்றே சொல்லும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இது நிரந்தரக் குறை. புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சருக்குள் நழுவுவது அந்த எஞ்சினின் இயல்பு, எண்ணெய்ப் புகை வேறு சென்சாரைக் கெடுக்கும். ஆர்எக்ஸ் 100-ல் ஏஎஃப்ஆர் மீட்டர் வைக்க ஆசைப்படுகிறவர்கள், அதில் வரும் எண்ணைவிட பிளக்கின் நிறத்தையே நம்பலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த மீட்டர் இன்று அதிகம் உதவும். பழைய மாருதி 800 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலில், முழு ஆக்சிலரேட்டரில் 12.8 வரும்படி அதன் மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகை, ஒருவர் பொருத்தியிருக்கிறார். 2025 வாக்கில் நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அந்த எரிபொருளுக்குக் கச்சிதமான விகிதம் 14.7 இல்லை, சுமார் 13.5. ஜெட்டுக்கு இது தெரியாது. முன்பு விட்ட அளவையே விடும். காற்று அதே அளவு, எரிபொருளும் ஏறக்குறைய அதே எடை, ஆனால் லாம்டா 0.87-லிருந்து 0.94-க்கு ஏறிவிடும். சென்சார் பார்ப்பது மிச்ச ஆக்சிஜன் கணக்கை. மீட்டரோ லாம்டாவை எப்போதும் 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் இப்போது 13.8 என்று வரும். உள்ளே போகும் உண்மை விகிதம் அதுவல்ல. இருந்தாலும் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதவில்லை என்பது நிஜம், டியூனிங்குக்கு அது தெரிந்தால் போதும். புது எரிபொருளுக்கு என்று மீட்டரில் எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த அளவு மெயின் ஜெட்டைப் போட்டு, மீட்டர் மறுபடியும் 12.8 பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.